பேட் வச்சிருக்கவன்தான் கேப்டன்: விஸ்ஸியின் கதை

இன்னைக்கு எபிசோட் கிரிக்கெட் பற்றியது. கிரிக்கெட் பிடிக்காதவங்க உடனே ஆஃப் பண்ணிடாதீங்க. ஸ்கோர் கொஞ்சம்தான் வரும். ஒரு வேலைக்குத் தகுதி இல்லாத ஒருத்தர் அந்த நாற்காலிக்கு எப்படி வந்து சேர்ந்தார், அவர் வந்ததால மத்தவங்க என்னென்ன இழந்தாங்க, இதுதான் நாம பேசப் போறது.

முதல்ல எங்க ஊர்க் கதை ஒண்ணு. எனக்குச் சொந்த ஊர் நாசரேத். திருநெல்வேலியில இருந்து திருச்செந்தூர் போற ரயில்ல ஏறினா வழியில வரும். சின்ன வயசுல நாங்க பனைமட்டையைச் செதுக்கி பேட் செய்வோம். ஸ்டம்பும் மட்டைதான். நாலு பந்து வேகமா அடிச்சா கை எரியும். அப்படி இருக்கும்போது ஒரு லீவுல, எங்க தெருப் பையன் ஒருத்தனுக்கு அவங்க மாமா வெளிநாட்டுல இருந்து நிஜமான பேட் ஒண்ணு வாங்கிட்டு வந்தார். அன்னைக்குச் சாயங்காலமே அவன் கேப்டன். யாரும் ஓட்டுப் போடலை, யாரும் கேள்வி கேட்கலை. அவன் முதல்ல பேட்டிங் இறங்குவான். அவுட் ஆனா, "பேட்டை எடுத்துட்டுப் போயிடுவேம்லே"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான், அந்தப் பந்து நோபால் ஆயிடும்.

நீங்க எந்த ஊர்ல வளர்ந்திருந்தாலும் இப்படி ஒருத்தன் இருந்திருப்பான். ஆனா இதே விஷயம் இந்திய தேசிய அணிக்கே நடந்திருக்கு. 1936-ல, இங்கிலாந்துல, டெஸ்ட் மேட்ச்ல. அந்த 'பேட் வச்சிருந்தவர்' பெயர் விஜய ஆனந்த கஜபதி ராஜு. கிரிக்கெட் உலகம் அவரைக் கூப்பிட்ட செல்லப் பெயர் விஸ்ஸி.

யார் இந்த விஸ்ஸி?

1905 டிசம்பர் 28-ல் பிறந்தவர். விஜயநகரம் ராஜாவின் இரண்டாவது மகன். இங்க ஒரு சின்ன விளக்கம். ஹம்பியில இருந்த பழைய விஜயநகரப் பேரரசு வேற. இது இன்றைய ஆந்திராவில், விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்துல இருக்கிற விஜயநகரம் ஜமீன். அந்தக் காலத்துல நம்ம ஊர் மாதிரியே அதுவும் சென்னை மாகாணத்துக்குள்ளதான் இருந்தது.

இரண்டாவது மகன் என்பதால் பட்டம் அண்ணனுக்குப் போனது. இவருக்குக் கிடைத்தது 'மகாராஜ்குமார்' என்ற அடைமொழியும், காசியில் இருந்த குடும்பச் சொத்தும். படிச்சது அஜ்மீர் மேயோ கல்லூரியிலும் இங்கிலாந்தின் ஹெய்லிபரி பள்ளியிலும். பணம் இருக்கு, பட்டம் இல்லை, ஆள வேண்டிய நாடும் இல்லை. அந்த இடத்தை அவர் கிரிக்கெட்டால் நிரப்பினார். 1926-ல் காசி அரண்மனை வளாகத்திலேயே மைதானம் போட்டு, தனக்கென்று ஓர் அணியைக் கட்டினார்.

1930-31-ல் அவர் செய்தது சாதாரண விஷயம் இல்லை. அன்றைய உலகின் மிகப் பெரிய பேட்ஸ்மேன்களில் இரண்டு பேர், இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸும் ஹெர்பர்ட் சட்கிளிஃபும். அந்த ரெண்டு பேரையும் தன் செலவில் வரவழைத்து, தன் அணியில் ஆட வைத்து, இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் நடத்தினார். யோசிச்சுப் பாருங்க. டிவி இல்லாத காலம். இங்க இருக்கிற பசங்க ஹாப்ஸ் ஆடுவதை நேர்ல பார்க்க வேற வழியே கிடையாது. அந்த வகையில் விஸ்ஸியின் பணம் நம்ம கிரிக்கெட்டுக்கு நிஜமாவே உதவியது. இதை முதல்லயே சொல்லிடணும், இல்லைன்னா கதை ஒருதலைப்பட்சமா ஆயிடும்.

ராஜாக்கள் ஏன் கேப்டன் ஆனாங்க?

இன்னைக்கு இந்திய கிரிக்கெட் வாரியத்துக்கு இருக்கிற பணத்தைப் பார்க்கிற நமக்கு இது புரிவது கஷ்டம். வாரியம் தொடங்கியது 1928-ல். அப்போ அதுகிட்ட காசே கிடையாது. கப்பல் டிக்கெட், தங்குமிடம், மைதானம், கோப்பை எல்லாத்துக்கும் மகாராஜாக்களிடம்தான் போய் நிற்கணும். ஆட்டக்காரர்களின் பிழைப்பும் அப்படித்தான். கிரிக்கெட் ஆடிச் சம்பாதிக்க முடியாது. அதனால ஏதாவது ஒரு சமஸ்தானத்தில் வேலை என்ற பெயரில் இடம் கொடுப்பார்கள். சி.கே. நாயுடு இந்தூர் ஹோல்கர் சமஸ்தானத்தில் இருந்தார். லாலா அமர்நாத்துக்குப் பட்டியாலா மகாராஜாவின் ஆதரவு.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்துக்குப் போனா பிரபுக்களோட விருந்து சாப்பிடணும், மேடையில் பேசணும். அதுக்கு ஒரு ராஜாவோ நவாபோ இருந்தாதான் மரியாதை என்று வாரியத்தில் இருந்தவர்கள் நம்பினார்கள். கேப்டன் பதவி பாதி தூதர் வேலை மாதிரி.

1932-ல் இந்தியா முதன்முதலா டெஸ்ட் ஆட இங்கிலாந்து போனபோது கேப்டன் போர்பந்தர் மகாராஜா. துணை கேப்டன் லிம்ப்டி அரச குடும்பத்துக்காரர். விஸ்ஸிக்குத் துணைக்குத் துணை கேப்டன் என்று ஒரு பதவி உருவாக்கிக் கொடுத்தார்கள். அவர் கடைசியில் அந்தப் பயணத்துக்குப் போகவில்லை. போர்பந்தர் மகாராஜா ஒரு நல்ல காரியம் செய்தார். தன்னால் அந்தத் தரத்தில் ஆட முடியாது என்று தெரிந்ததும், ஜூன் 25-ல் லார்ட்ஸில் தொடங்கிய அந்த முதல் டெஸ்ட்டில் தானே ஒதுங்கிக்கொண்டு, சி.கே. நாயுடுவைக் கேப்டன் ஆக்கினார். ராஜாவாகவே இருந்தாலும் தன் அளவு தெரிந்தவர்கள் இருந்தார்கள். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

1936: நாற்காலி கைக்கு வருது

நான்கு வருஷம் கழிச்சு மறுபடியும் இங்கிலாந்துப் பயணம். முதலில் கேப்டனாகத் தேர்வானவர் பட்டோடி நவாப் இஃப்திகார் அலி கான். டைகர் பட்டோடியின் அப்பா, சைஃப் அலி கானின் தாத்தா. அவர் உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரர், இங்கிலாந்துக்காக ஆடி சதம் அடித்தவர். ஆனா உடல்நிலையைக் காரணம் சொல்லி விலகிவிட்டார். அடுத்து இயல்பா வர வேண்டிய பெயர் சி.கே. நாயுடு. அதுக்கு முன்னால இந்தியா ஆடிய நாலு டெஸ்ட்டிலும் கேப்டன் அவர்தான்.

இங்கதான் விஸ்ஸியின் இன்னொரு திறமை தெரியுது. வாரியத்தில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஓட்டு. எந்தச் சங்கத்துக்கு என்ன தேவை, யாரை விருந்துக்குக் கூப்பிடணும், வைஸ்ராய் வில்லிங்டன் பிரபுவோடு எப்படி நெருக்கமா இருக்கணும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வாக்கெடுப்பில் அவர் ஜெயித்தார். முப்பது வயதில் இந்திய கேப்டன்.

பயணத்துக்கு அவர் கொண்டு போனது 36 பெட்டிகளும் ரெண்டு பணியாட்களும் என்று சொல்வார்கள். கவுன்டி கேப்டன் ஒருவருக்குத் தங்கக் கடிகாரம் பரிசாகக் கொடுத்த கதையும் உண்டு. அந்தக் கேப்டன் பின்னாடி சொன்னது இதுதான்: கடிகாரத்துக்காக ஒரு ஃபுல் டாஸும் ரெண்டு மூணு லட்டு மாதிரி பந்தும் போட்டேன், ஆனா நாள் முழுக்க அப்படியே போட முடியுமா? அந்தப் பயணத்தில் முதல்தர ஆட்டங்களில் விஸ்ஸியின் சராசரி 16 சொச்சம். மூன்று டெஸ்ட்டில் மொத்தம் 33 ரன், சராசரி 8.25.

கேப்டன் ரன் அடிக்காதது பெரிய குற்றம் இல்லை. நல்லா அடிக்காத, ஆனா அணியை அருமையா நடத்திய கேப்டன்கள் உண்டு. விஸ்ஸி விஷயத்தில் பிரச்சினை அங்க இல்லை. எந்த நேரத்தில் யாருக்குப் பந்து கொடுக்கணும், ஃபீல்டரை எங்க நிறுத்தணும் என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களைப் பார்த்து அவருக்குப் பயம். சி.கே. நாயுடு பக்கம் யார் நின்றாலும் அவர் எதிரி.

இழந்தவர்கள் நாலு பேர்

முதல் ஆள் லாலா அமர்நாத். 1933 டிசம்பரில் பம்பாயில் டெஸ்ட் சதம் அடித்த முதல் இந்தியர் அவர்தான். 1936 பயணத்தில் அணியிலேயே சிறந்த ஃபார்மில் இருந்தார். 600-க்கு மேல் ரன், 32 விக்கெட். ஜூன் மாதம் லார்ட்ஸில், மைனர் கவுன்டீஸ் அணிக்கு எதிரான ஆட்டம். அமர்நாத்தை பேடு கட்டித் தயாரா இருக்கச் சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால வேறு வேறு ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தார்கள். நாள் முடிய சில நிமிடங்கள் இருக்கும்போதுதான் அவருக்கு வாய்ப்பு வந்தது. திரும்பி வந்தவர் ஓய்வறையில் பேடுகளைத் தூக்கி எறிந்து, பஞ்சாபியில் கோபமா ஏதோ சொன்னார்.

அவ்வளவுதான். விஸ்ஸியும் மேலாளர் பிரிட்டன்-ஜோன்ஸும் சேர்ந்து, ஒழுங்கீனம் என்று சொல்லி அவரை ஊருக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். முதல் டெஸ்ட்டுக்குச் சில நாள்தான் பாக்கி. அந்த டெஸ்ட்டில் என்ன நடந்தது தெரியுமா? முதல் இன்னிங்ஸில் இந்தியா 147, இங்கிலாந்து 134. அமர் சிங் ஆறு விக்கெட் எடுத்தார். இந்தியா 13 ரன் முன்னிலை! ஆனா இரண்டாவது இன்னிங்ஸில் 93-க்குச் சுருண்டு, ஒன்பது விக்கெட்டில் தோற்றது. அமர்நாத் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போமா? யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அணியின் சிறந்த ஆட்டக்காரர் அந்த நேரம் ஊருக்குத் திரும்பும் வழியில் இருந்தார்.

ரெண்டாவது ஆள் விஜய் மெர்ச்சன்ட். ஜூலையில் மான்செஸ்டர் டெஸ்ட். மெர்ச்சன்ட்டை ரன் அவுட் ஆக்கிவிடு என்று விஸ்ஸி தன்னிடம் சொன்னதாக முஷ்டாக் அலி பின்னாளில் சொல்லியிருக்கிறார். முஷ்டாக் என்ன செய்தார்? மைதானத்துக்கு நடுவில் போய் அதை மெர்ச்சன்ட்டிடமே சொல்லிவிட்டார். ரெண்டு பேரும் சிரிச்சுட்டு ஆட ஆரம்பிச்சாங்க. தொடக்க ஜோடிக்கு 203 ரன். முஷ்டாக் 112, மெர்ச்சன்ட் 114. வெளிநாட்டு மண்ணில் இந்தியர் ஒருவர் அடித்த முதல் டெஸ்ட் சதம் முஷ்டாக் அலியுடையது. அந்த இரண்டாம் நாளில் இரு அணியும் சேர்ந்து அடித்த 588 ரன், டெஸ்ட் வரலாற்றில் ஒரே நாளில் அடித்த அதிகபட்சம். அந்த டெஸ்ட் டிரா. இதில் மெர்ச்சன்ட் எதையும் இழக்கவில்லை, ஏன்னா எதிர்ப்பக்கம் நின்றவர் நேர்மையா இருந்தார். தப்பான தலைமை வந்தா மொத்தமும் கூட வேலை செய்ற ஒருத்தரோட நேர்மையில வந்து நிற்கும். அது ரொம்ப ஆபத்தான ஏற்பாடு.

மூணாவது ஆள் சி.கே. நாயுடு. ஓவலில் நடந்த மூன்றாவது டெஸ்ட்டில் பாக்கா ஜிலானி என்பவருக்கு முதல் வாய்ப்பு கிடைத்தது. காலை உணவு மேசையில் எல்லோர் முன்னாலும் நாயுடுவை அவமதித்ததற்குக் கிடைத்த பரிசு அது என்ற கதை கிரிக்கெட் வட்டாரத்தில் இன்றைக்கும் உலவுகிறது. அதே டெஸ்ட்டில் நாயுடு, இங்கிலாந்து கேப்டன் கப்பி ஆலனின் பந்தில் பலமாக அடிபட்டும் நின்று 81 ரன் எடுத்தார். அவருடைய கடைசி டெஸ்ட் அதுதான்.

நாலாவது ஆளைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கு நெஞ்சு கனக்கும். அவர் நம்ம ஆள், எம்.ஜே. கோபாலன்.

கோபாலன் தேர்ந்தெடுத்த கப்பல்

செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் பிறந்தவர். வேகப்பந்து வீச்சாளர். 1934 நவம்பர் 4-ல் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த முதல் ரஞ்சி கோப்பை ஆட்டத்தில், முதல் பந்தை வீசியவர் அவர்தான். அதாவது ரஞ்சி வரலாற்றின் முதல் பந்து ஒரு சென்னைக்காரர் கையில் இருந்து போனது. அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது, சென்னை ஜெயித்தது.

அதே கோபாலன் ஹாக்கியிலும் இந்திய அணி ஆள். 1935-ல் தியான் சந்தோடு நியூசிலாந்து போய் ஆடிவிட்டு வந்தவர். 1936 வந்ததும் அவர் முன்னால ரெண்டு வழி. ஒண்ணு, பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஹாக்கி அணித் தேர்வு. இன்னொண்ணு, விஸ்ஸி தலைமையில் இங்கிலாந்து கிரிக்கெட் பயணம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

1936 ஆகஸ்ட் 15. இந்தத் தேதியைக் குறிச்சுக்கோங்க. அன்னைக்கு பெர்லினில் ஹாக்கி இறுதிப்போட்டி. இந்தியா 8, ஜெர்மனி 1. தங்கம். அதே ஆகஸ்ட் 15 அன்னைக்குத்தான் லண்டன் ஓவலில் கடைசி டெஸ்ட் தொடங்குது. ஆடும் பதினொருவரில் கோபாலன் பெயர் இல்லை. மூன்று டெஸ்ட்டில் ஒன்றில்கூட அவருக்கு இடம் கொடுக்கவில்லை. 1934-ல் கல்கத்தாவில் ஆடிய அந்த ஒரு டெஸ்ட்தான் அவர் வாழ்க்கையின் ஒரே டெஸ்ட்.

அவரை டெஸ்ட்டில் எடுக்காததற்கு விஸ்ஸி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரலை. அமர் சிங், நிசார் என்று ரெண்டு பெரிய வேகப்பந்து வீச்சாளர்கள் அணியில் இருந்தார்கள். ஆனா நியாயமா நடக்கும் அணியில் இடம் கிடைக்காம போறது வேற, இப்படிக் கோஷ்டிச் சண்டை நடந்த அணியில் வெளியே உட்கார்றது வேற. முதலாவதில் ஒருத்தர் தன்னைச் சமாதானப்படுத்திக்கலாம். இரண்டாவதில் கடைசிவரை ஒரு கேள்வி கூடவே வரும்.

அந்தப் பயணத்தில் சென்னைக்காரர் இன்னொருவர் ஜொலித்தார், அதையும் சொல்லிடறேன். கோட்டா ராமசாமி. தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சி பாபு நாயுடுவின் மகன். 1922-ல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். மான்செஸ்டரில் தன் 40-வது வயதில் முதல் டெஸ்ட் ஆடி, 40, 60 என்று அடித்தார். ரெண்டு டெஸ்ட்டில் சராசரி 56-க்கு மேல். 1985-ல் ஒரு நாள் சென்னையில் வீட்டைவிட்டுக் கிளம்பியவர் திரும்பவே இல்லை. அவர் கதைக்குத் தனி எபிசோடே போடலாம்.

எங்க கடற்கரையில் முத்துக்குளிக்கிறதைப் பற்றிப் பெரியவங்க பேசும்போது ஒரு விஷயம் அடிக்கடி வரும். மூச்சைப் பிடிச்சு மூழ்குறவன் ஒருத்தன், முத்துமாலை போட்டுக்கிறவன் இன்னொருத்தன். 1936 அணியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். ஏன்னா அந்தத் தொடர் நடந்த நாட்களிலேயே விஸ்ஸிக்கு பிரிட்டிஷ் அரசு 'சர்' பட்டம் கொடுத்தது. தொடரில் இந்தியா 0-2 என்று தோற்றது. கேப்டன் மட்டும் சர் ஆகி ஊர் திரும்பினார்.

விசாரணை என்ன சொன்னது?

ஊர் திரும்பிய பிறகு சத்தம் பெரிசா ஆச்சு. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் போமோன்ட் தலைமையில் ஒரு விசாரணைக் குழு. 1937 ஜனவரியில் அறிக்கை வந்தது. அமர்நாத் மேல் சுமத்தப்பட்ட பழி நீங்கியது. கேப்டனைப் பற்றி அறிக்கை சொன்னது நேரடியானது: அவருக்கு ஃபீல்டு அமைக்கத் தெரியவில்லை, பந்துவீச்சை மாற்றத் தெரியவில்லை, நிலையான பேட்டிங் வரிசையும் இல்லை. விஸ்ஸி அதுக்கப்புறம் இந்தியாவுக்காக ஆடவே இல்லை.

சாஃப்ட்வேர்ல வேலை செய்றவங்களுக்கு இது புரியும். புரொடக்‌ஷன்ல பெருசா ஏதாவது உடைஞ்சா, அப்புறம் உட்கார்ந்து என்ன நடந்ததுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதுவோம். எழுதும்போது அலுப்பா இருக்கும். உடைஞ்சது உடைஞ்சதுதானே, இதை எழுதி என்ன ஆகப் போகுதுன்னு தோணும். ஆனா எழுதலைன்னா, ஆறு மாசம் கழிச்சு பழி ஜூனியர் தலையில்தான் நிற்கும். அமர்நாத்துக்கு அந்த லார்ட்ஸ் டெஸ்ட் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனா 'ஒழுங்கில்லாதவன்' என்ற முத்திரை அவர் மேல் நிரந்தரமா ஒட்டாமல் போனதுக்கு, ஒருத்தர் உட்கார்ந்து சாட்சி கேட்டு எழுதி வைத்ததும் ஒரு காரணம். 1947-48-ல் இந்தியாவின் முதல் ஆஸ்திரேலியப் பயணத்துக்குக் கேப்டன் அதே அமர்நாத். 1952-ல் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா தன் முதல் டெஸ்ட் தொடரை வென்றபோதும் கேப்டன் அவர்தான்.

அரசியல்வாதி விஸ்ஸி

விஸ்ஸி முடிந்துபோனார் என்று நினைச்சீங்களா? இல்லை. 1937-ல் ஐக்கிய மாகாணத்தில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசத்தில், சில மாதமே இருந்த இடைக்கால அமைச்சரவையில் அமைச்சர் ஆனார். 1947 ஜூலையில், சுதந்திரத்துக்குச் சற்று முன்னால், அந்த 'சர்' பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். 1954 முதல் 1957 வரை இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். அந்தக் காலத்தில் தேர்வுக் குழுவில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் யார் தெரியுமா? லாலா அமர்நாத். ஊருக்குக் கப்பல் ஏற்றியவரும் ஏற்றப்பட்டவரும் ஒரே வாரியத்தில் சேர்ந்து வேலை பார்த்தார்கள். 1958-ல் விஸ்ஸிக்கு பத்ம பூஷண். 1960 இடைத்தேர்தலில் விசாகப்பட்டினத்தில் இருந்து மக்களவைக்குப் போனார். 1962-ல் மறுபடியும் ஜெயித்தார். 1965 டிசம்பர் 2-ல் காசியில் இறந்தார். பல்கலைக்கழக மண்டலங்களுக்கு இடையிலான கிரிக்கெட் போட்டிக்கு 'விஸ்ஸி டிராஃபி' என்று பெயர்.

நடுவுல ஒரு விஷயம். அவர் நம்ம தொழில்லயும் இருந்தார், மைக் முன்னால பேசுற தொழில். வானொலி வர்ணனையாளர். 1959-ல் பி.பி.சி.யிலும் பேசினார். தான் 300-க்கும் மேல் புலி சுட்டதாகச் சொல்லிக்கொள்வார். அதைக் கேட்ட வெஸ்ட் இண்டீஸ் வீரர் ரோகன் கன்ஹாய், "சுட்டீங்களா? உங்க வர்ணனையை ரேடியோவில் போட்டுவிட்டு, புலி சலிச்சுப்போய்ச் செத்துடும்னு நினைச்சேன்" என்கிற மாதிரி கேட்டதாக ஒரு கதை உண்டு. ஒவ்வொரு எபிசோடும் ரெக்கார்டு பண்றதுக்கு முன்னால நான் இதை நினைச்சுக்குவேன்.

எல்லா ராஜாவும் இப்படியா?

பணக்காரப் பரம்பரை, அரசியல், விளையாட்டு மூணும் ஒரே ஆள்கிட்ட சேர்வது இந்தியாவில் மட்டும் நடந்தது இல்லை. பிரான்ஸில் ஜான் தெ போமோன் என்று ஒரு கவுண்ட் இருந்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் துப்பாக்கி சுடும் வீரர். 1936-ல், அதாவது விஸ்ஸி கேப்டனான அதே வருஷம், பிரெஞ்சுக் காலனியாக இருந்த கொச்சின்சீனாவின் உறுப்பினராகப் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போனார். பிறகு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் துணைத் தலைவர் வரை உயர்ந்தார். அந்தக் காலத்தில் விளையாட்டு என்பதே ஓய்வு நேரமும் வசதியும் இருக்கிறவர்களுடைய சமாச்சாரம்.

நம்ம நாட்டிலேயே நேர் எதிரான உதாரணம் பிகானேர் மகாராஜா கர்னி சிங். 1952 முதல் 1977 வரை, 25 வருஷம், சுயேச்சையாக நின்று ஜெயித்த மக்களவை உறுப்பினர். 1960, 64, 68, 72, 80 என்று ஐந்து ஒலிம்பிக்ஸில் துப்பாக்கி சுட்டவர். 1962-ல் கெய்ரோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. அவர் ஆடியது டிராப் என்ற பிரிவு. காற்றில் பறக்கும் களிமண் தட்டைச் சுடணும். அந்தத் தட்டுக்கு நீங்க ராஜாவா, கிளார்க்கா என்று தெரியாது. குண்டு பட்டா உடையும், படலைன்னா உடையாது.

இங்கதான் எனக்கு விஷயம் தெளிவாச்சு. பணமும் பரம்பரையும் ரெண்டு ராஜாவுக்கும் இருந்தது. கர்னி சிங்குக்கு அது துப்பாக்கியும் தோட்டாவும் பயிற்சிக்கு நேரமும் வாங்கிக் கொடுத்தது. அதுக்கு மேல் அவரை அளந்தது தட்டு. விஸ்ஸிக்கு அதே பணம் ஓட்டு வாங்கிக் கொடுத்தது. அவரை அளக்கிற இடத்தில் இருந்தவர்கள் அவர் கொடுத்த விருந்தைச் சாப்பிட்டவர்கள். ஆதரவு கொடுக்கிற ஆளும், ஆளைத் தேர்ந்தெடுக்கிற ஆளும், தேர்ந்தெடுக்கப்படுகிற ஆளும் ஒரே ஆளாக இருந்தா, அந்த இடத்தில் கோளாறு நிச்சயம். விஸ்ஸி ரொம்ப நல்லவரா இருந்திருந்தாலும் இந்தக் கோளாறு இருந்திருக்கும். போர்பந்தர் மகாராஜா மாதிரி ஒதுங்கிக்கொள்கிற மனசு எல்லாருக்கும் வரும் என்று நம்பி ஓர் அமைப்பை நடத்த முடியாது.

மறுபடியும் எங்க தெரு

எங்க கேப்டன் கதையை முடிச்சிடறேன். ரெண்டு மாசம் பொறுத்துப் பார்த்தோம். அப்புறம் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு பொது பேட் வாங்கினோம். இனிமே ஓட்டுப் போட்டுத்தான் கேப்டன் என்று முடிவாச்சு. பெரிய புரட்சி பண்ணிட்டோம்னு நினைச்சோம்.

முதல் தேர்தல்ல ஜெயிச்சது அவனேதான். முந்தின நாள் எல்லாருக்கும் பவண்டோ வாங்கிக் கொடுத்திருந்தான். நானும் குடிச்சேன். அவனுக்குத்தான் ஓட்டும் போட்டேன்.

அதனால விஸ்ஸியைத் திட்டுறது எனக்கு ஈஸியா வரமாட்டேங்குது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் ஏதோ ஒரு பவண்டோ குடிச்சவங்கதான். அவங்க யார் பெயரும் நமக்கு ஞாபகம் இல்லை, விஸ்ஸி பெயர் மட்டும்தான் நிற்குது. ஆனா கோபாலன் வெளியே உட்கார்ந்து ஆட்டம் பார்த்த அந்த ஆகஸ்ட் 15-க்கு அவங்களுக்கும் பங்கு உண்டு. அடுத்த தடவை உங்க டீம்லயோ, அபார்ட்மென்ட் சங்கத்துலயோ, காலேஜ் கிளப்லயோ ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இவர் வந்தா யார் வெளியே உட்காருவாங்க?

உங்க தெருவுல பேட் வச்சிருந்தவன் இப்ப என்ன பண்றான்னு எழுதி அனுப்புங்க. எங்க ஆள் இப்போ தூத்துக்குடி ஹார்பர் பக்கம் லாரி சர்வீஸ் நடத்துறான். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனப்போ பார்த்தேன். இந்த எபிசோட் பற்றிச் சொன்னேன். "எலே, நான் நல்லாத்தானே கேப்டன்சி பண்ணேன்?" என்று கேட்டான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.